தரகர் கொப்பியும் துறைமுகத்துக் கடைகளும்

பத்திரிகைக் காரியாலயங்களில் ஆசிரியபீடத்தைச் சேர்ந்த நாங்கள் எவரும் வாசிக்காத, ஆனால் வாசகர்களில் பெரும்பாலானோர் முதலில் புரட்டிப் பார்க்கின்ற பக்கம் ஒன்று இருந்தது. அதுதான் சிறு விளம்பரப் பக்கம். "திருகோணமலை நகர மத்தியில் கடையறை வாடகைக்கு. சகல வசதிகளும் உண்டு. தரகர் வேண்டாம்." இவ்வளவில் விடயம் முடிந்துவிடும். சொல்லுக்குச் சொல் காசு அல்லவா! நகர மத்தி என்பது சில வேளைகளில் உப்புவெளி வரை நீளும். சகல வசதிகள் என்பது ஒரு மின்குமிழைக் குறிக்கும். 'தரகர் வேண்டாம்' என்று விளம்பரம் கொடுத்தவரே பல தடவைகளில் தரகராக இருப்பார்!

செய்தி என்றால் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பமாட்டோம். ஆனால் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு கைமாறும் இந்த மூன்று வரிகளை எவரும் சரிபார்ப்பதில்லை. அது அன்று என்னை உறுத்தவும் இல்லை. ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பிய பின்னர், வர்த்தகக் கட்டடங்களுக்குத் தரகு பார்க்கும் நண்பர் ஒருவரோடு அடிக்கடி அலையத் தொடங்கியபோதுதான் அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் எவ்வளவு கிடக்கிறது என்பது புலப்பட்டது.

நண்பர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருக்கிறார். கடை, களஞ்சியசாலை, அலுவலகம், விருந்தினர் விடுதி ஆகியன மட்டுமே பார்ப்பார். குடியிருக்கும் வீடுகளுக்குத் தரகு பேசமாட்டார். அவருடைய தொழில் முழுவதும் நீள அட்டை போட்ட ஒரு கொப்பிக்குள் இருந்தது. உரிமையாளர் பெயர், தொலைபேசி இலக்கம், வாடகை, அவருக்கு மட்டுமே விளங்கும் சில குறியீடுகள். "தம்பி, இந்தக் கொப்பி நனைஞ்சாலோ எரிஞ்சாலோ நானும் முடிஞ்சன்" என்பார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது வீட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு ஓடிய பொருட்களில் அக்கொப்பியின் முன்னோடியும் ஒன்றாம்.

வெளியூர் வாசகர்களுக்காக இந்த ஊரின் நிலக் கணக்கைச் சற்றே சொல்லிவிடுகிறேன். திருகோணமலை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பெருமையினால் வந்த சங்கடம் ஒன்றுண்டு. துறைமுகக் கரையின் பெரும்பகுதி தனியாருடையதன்று. பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னரும் கடற்படை நிலம் கடற்படை நிலமாகவே தொடர்ந்தது. துறைமுக அதிகார சபைக்குப் பெருமளவு நிலம் உண்டு. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகளும் மாவாலையும் சீமெந்து ஆலையும். எஞ்சுவது உட்துறைமுக வீதி, டொக்யார்ட் வீதி, பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி ஆகியவற்றை அண்டிய ஒடுங்கிய நகரம். அங்கே காணியை ஏக்கரில் பேசுவதில்லை, பேர்ச்சில்தான் பேசுவார்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர்; ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எட்டுப் பேர்ச் காணியில் நிற்கும் ஒரு கடைக்கு ஏழெட்டு உரித்தாளிகள் இருப்பது இங்கே வியப்பானதன்று. அவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருப்பார்கள்.

துறைமுகத்தைப் பற்றி ஏதேனும் தலைப்புச் செய்தி வந்தால் நண்பரின் தொலைபேசி ஓயாது. 2022 ஜனவரி 6 ஆம் திகதி எண்ணெய்த் தாங்கி உடன்படிக்கைகள் கைச்சாத்தானபோதும் அப்படித்தான். 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தபோதும் அப்படித்தான். "அலுவலகம் போட ஒரு இடம் வேணும், உடனே வேணும்" என்று கொழும்பிலிருந்து அழைப்புகள் வரும்.

அப்படி அழைத்த ஒருவர்தான் இந்தக் கதையின் தொடக்கம். கட்டடப் பொருள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி. களஞ்சியசாலை ஒன்று தேவை என்றார். நண்பர் கொப்பியைப் பார்த்து, "இருக்கு, வாங்கோ" என்றார். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து வந்த மனிதர் இடத்தைப் பார்த்தார். கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் போகும் ஒழுங்கையில் நாற்பது அடிக் கொள்கலன் லொறி திரும்ப முடியாது. மதியச் சாப்பாட்டோடு திரும்பிப் போனார். நண்பருக்கு அன்று தரகும் இல்லை, பெட்ரோல் காசும் இல்லை.

அன்று மாலை நான் கேட்டேன்: "அந்த ஒழுங்கை எத்தனை அடி அகலம் என்று கொப்பியில் இருக்கிறதா?" இல்லை. "கொள்கலன் வருமா என்று அவரிடம் கேட்டீர்களா?" இல்லை.

கணினி விற்பனையாளர்கள் சொல்லும் மாயாஜாலம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தரகர்களுக்கென்றே மாதச் சந்தாவுக்கு விற்கப்படும் மென்பொருட்கள் உலகில் ஏராளம். நண்பருக்கு அவை யானை கட்டித் தீனி போடும் வேலை. அவருடைய மகனின் பழைய மடிக்கணினி, ஒரு கைத்தொலைபேசி, காசில்லாமல் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணை. இவ்வளவுதான் முதலீடு. நான் கொடுத்தது எங்கள் தொழிலின் பாலபாடத்தை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி? இளம் நிருபர்களுக்கு முதல் நாளில் சொல்லிக் கொடுக்கும் அந்தக் கேள்விகளைத்தான் நிரல்களாகப் போட்டோம்.

'எங்கே' என்பதற்குக் கூகுள் வரைபடத்தில் ஒரு குறி. அவ்விடத்திலேயே நின்று தொலைபேசியில் குறித்து, அந்த இணைப்பை அட்டவணையில் ஒட்டினால் போதும். வரைபடத்திலேயே ஒழுங்கையின் நீளத்தை அளக்கலாம், கட்டடத்தின் பரப்பை அண்ணளவாகக் கணிக்கலாம். அகலத்தை மட்டும் நாடாவால் அளந்தே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். செய்மதிப் படத்தில் மரக்கிளை மறைக்கும் மூன்று அடிதான் லொறிக்குத் தேவையான மூன்று அடியாக இருக்கும்.

'என்ன' என்பதற்குப் படங்கள். வாசலைப் படம் எடுத்து அனுப்புவது தரகர்களின் பழக்கம். (எங்கள் ஊரில் அதிலும் ஒரு சிக்கல். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடைவாசலில் வந்து நின்றால், கொழும்புக்காரர் கடையை விட்டுவிட்டு மானைப் பற்றியே விசாரிப்பார்!) நாங்கள் எடுக்கச் சொன்னவை வேறு. கூரையின் உட்புறம், மின்மானி, தண்ணீர்க் குழாய், எதிரே உள்ள வீதி. மின்மானி எதற்கு? 'திரீ பேஸ்' மின்சாரம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மீன் ஏற்றுமதிக்காரர் குளிர் அறை போட வேண்டுமென்றால் அதுதான் முதற் கேள்வி. கூரையின் படத்தை மட்டும் மழைக்காலத்தில் எடுக்க வேண்டும் என்பது நண்பரே சேர்த்த விதி. எங்களுக்குப் பெருமழை வாடைக் காலத்தில், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். சோளகத்தில் எடுத்த படம் வாடையில் பொய்யாகிவிடும்.

'எப்போது' என்பதற்குக் குத்தகை முடியும் திகதி. அதைத் தொலைபேசியின் நாட்காட்டியில் ஏற்றி, மூன்று மாதங்களுக்கு முன்னரே நினைவூட்டச் சொன்னோம். இந்த ஒன்றே அவருடைய வருமானத்தை மாற்றியது என்பது என் கணிப்பு. முன்பெல்லாம் கடை காலியான பிறகுதான் அவருக்குத் தெரியவரும். இப்போது, குத்தகைக்காரரும் உரிமையாளரும் முரண்படத் தொடங்கும் முன்னரே இவர் தொலைபேசியில் இருவரையும் பிடித்துவிடுகிறார்.

எழுத்துருவினால் ஒரு வாரம் போனது. பழைய வாடகை ஒப்பந்தங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடவும் முடியாது. ஒவ்வொன்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். அதற்கென இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. அடுத்தது பெயர்கள். ஒரே மனிதரின் பெயர் உறுதியில் ஒரு விதமாகவும், சோலைவரிப் பற்றுச்சீட்டில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். கணினி அவரை மூன்று மனிதர்களாகவே பார்க்கும். பெயருக்குப் பக்கத்தில் 'வேறு எழுத்தில்' என்று ஒரு நிரல் சேர்த்ததும் அது அடங்கியது.

வட்ஸ்அப் குழுவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஊரெங்கும் காணித் தரகர் குழுக்கள் இருக்கின்றன. ஒரே கடை ஏழு தரகர்களால் ஏழு வாடகைக்கு அதில் விளம்பரமாகும். நேற்று அனுப்பிய படம் இன்று 'காலை வணக்கம்' பூங்கொத்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதியையும் உறுதியின் பிரதியையும் குழுவில் போடுகிறார்கள்! ஒரு போலி உறுதி எழுதுவதற்கு வேண்டியவற்றை அந்நியர் நூறு பேரின் கையில் கொடுப்பதற்குச் சமமானது அது. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கவென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! உறுதி, நில அளவைப் படம் ஆகியவற்றைத் தொலைபேசியால் பி.டி.எப். ஆக்கி, ஒவ்வொரு காணிக்கும் ஒரு கோப்புறையில் வைத்து, சட்டத்தரணிக்கும் உரிமையாளருக்கும் மட்டும் 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுப்பதே எங்கள் ஏற்பாடு.

சட்டத்தரணி ஒருவர்தான் எங்களுக்கு மிகப் பயனுள்ள நிரலைச் சொன்னார். காணிப் பதிவகத்தில் அந்தக் காணி எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் பதியப்பட்டிருக்கிறது என்ற இலக்கம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி எங்கள் நாட்டில் பதியப்படுவது உறுதிதான், உரிமையன்று. உரிமையையே பதியும் சட்டம் 1998 இல் வந்தது. 'பிம் சவிய' என்ற பெயரில் 2007 முதல் நடைமுறையாகி வருகிறது. அது மெல்ல ஊர்கிற வேலை. ஆகவே குறைந்தது முப்பது ஆண்டுகளின் பதிவுகளைப் பின்னோக்கித் தேடித்தான் சட்டத்தரணி ஒரு காணியைப் பற்றிக் கருத்துச் சொல்வார். தொகுதியும் பக்கமும் கையில் இருந்தால் தேடலுக்குப் பிடி கிடைத்துவிடும். இல்லையேல் நாட்கணக்கில் போகும்.

இன்னொரு நிரல் நான் வற்புறுத்தியது. வர்த்தமானி. அரசு இக்காணியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா? முன்பு வர்த்தமானியைத் தேடுவதென்றால் கச்சேரியில் தெரிந்தவர் வேண்டும். இப்போது அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே அது தமிழிலும் கிடைக்கிறது. இதன் அருமை சம்பூர் மக்களைக் கேட்டால் தெரியும். 2007 மே மாத இறுதியில் மூதூர் கிழக்கும் சம்பூரும் அதியுயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2012 இல் அங்கு 818 ஏக்கர் முதலீட்டுத் திட்டமொன்றுக்கு ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் அந்த ஒதுக்கீடு இரத்தாகியது. இத்தனையும் நடந்தபோது காணிக்காரர்களில் பெரும்பாலோர் இடம்பெயர் முகாம்களில் இருந்தார்கள். தங்கள் நிலத்தின் தலைவிதி அச்சாகியிருந்த தாளை அவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை.

தாளைப் பற்றி அரசாங்கங்களே அசட்டையாக இருந்திருக்கின்றன என்பதற்கும் எங்கள் துறைமுகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2003 பெப்ரவரியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய முத்தரப்பு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. முறையான குத்தகை உறுதி ஆறு மாதங்களுக்குள் எழுதப்பட வேண்டும் என்பது அதிலிருந்த ஏற்பாடு. அது எழுதப்படவேயில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கங்களும் அரசியல்வாதிகளும் அதைப் பற்றி மேடையில் பேசினார்கள், நாங்கள் பத்திரிகையில் எழுதினோம். 2022 இல்தான் 99 தாங்கிகளும் பிரிக்கப்பட்டன: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "நாட்காட்டியில நினைவூட்டல் போட மறந்திட்டாங்கள் போல" என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியோடு, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குக் கிட்டிய ஒரு மாடிக் கடை. கீழே கடை, மேலே இரண்டு அறைகள். தந்தையார் 1982 இல் தம் ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்காக நன்கொடை உறுதி எழுதிவைத்தார். மூத்த மகள் இங்கேயே இருக்கிறார். ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் இலண்டன், ஒருவர் சென்னை. நான்காவது மகன் 1990 இல் ஒரு நாள் சைக்கிளில் வெளியே போனார். திரும்பி வரவில்லை. கடை பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கப்பல் முகவர் நிறுவனமொன்று கிளை அலுவலகம் திறக்க அதை ஐந்தாண்டுக் குத்தகைக்குக் கேட்டது. நல்ல வாடகை. மூத்த மகளுக்கு அந்தப் பணம் தேவையாயிருந்தது. கணவருக்கு வாரம் இரு தடவை இரத்தச் சுத்திகரிப்பு.

எங்கள் அட்டவணையில் 'யார்' என்பதற்கு இரண்டு நிரல்கள் உண்டு. ஒன்று உரிமையாளர். மற்றது கையொப்பமிட வேண்டியவர். ஐந்து பெயர்களையும் எழுதினோம். ரொறன்ரோ, இலண்டன், சென்னை ஆகியவற்றில் உள்ளோருக்கு எதிரே 'அற்றோணித் தத்துவம் வரவேண்டும்' என்று குறித்தோம். நான்காமவருக்கு எதிரே நண்பரின் விரல் நின்றுவிட்டது.

"தம்பி, அவரை விட்டிட்டு நாலு பேர் எண்டு போடுவமே? முப்பத்தைஞ்சு வருசமாச்சு. கேக்க ஆர் வரப்போறினம்?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஊரில் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கொப்பியில் எழுதாமல் விட்டால் அது எழுதாமல் விட்டதாகவே இருக்கும். அட்டவணையில் விட்டால் அப்படியன்று. அட்டவணை நேர்த்தியானது. நான்கு பெயர், நான்கு கையொப்பம், நான்கு பச்சை நிறக் கட்டங்கள் என்று அதைப் பார்க்கும் நிறுவனமும் வங்கியும் நாளைய தலைமுறையும் உரித்தாளிகள் நான்கு பேர் என்றே எடுத்துக்கொள்ளும். பத்திரிகையில் ஒரு பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டால், அடுத்த ஆண்டு இன்னொருவர் அதையே பார்த்து எழுதுவார். மூன்றாம் தடவையில் அந்த மனிதர் அந்த நிகழ்வில் இருந்ததேயில்லை என்றாகிவிடும். இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். தெரியாததை 'தெரியாது' என்றே எழுத வேண்டும் என்பதில் அதனால் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மூத்த மகளிடம் போனோம். மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியம் இலகு என்று அவருக்கு முன்பே பலர் சொல்லியிருக்கிறார்கள். காணாமற் போனோருக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கான தற்காலிக ஏற்பாடு 2010 இலேயே சட்டமாக வந்தது. மரணம் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016 இல் வழி செய்யப்பட்டது. அம்மா இருந்தவரை இரண்டையும் பற்றிப் பேசவே விடவில்லை. அம்மா இறந்த பின்னர் மகளுக்கும் மனம் வரவில்லை. "பேரை எடுக்க வேண்டாம் அண்ணை. கடை பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை" என்றார். இரத்தச் சுத்திகரிப்புக்கு அன்று மாலை புறப்பட வேண்டியிருந்த கணவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார், அவரும் தலையசைத்தார்.

அந்தக் கட்டத்தில் 'காணாமற் போனவர், 1990' என்று எழுதினோம். நிறம் தீட்டவில்லை.

பிறகு நடந்தவற்றில்தான் இணையம் உண்மையாக உதவியது. கோப்புறையையும் அட்டவணையின் அந்த வரிசையையும் நான்கு உடன்பிறப்புகளும் பார்க்கச் செய்தோம். இக்குடும்பத்தில், ஊரில் இருக்கும் அக்கா எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வெளிநாட்டிலுள்ள இருவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. யார், எந்த நாளில், எதைத் திருத்தினார் என்பதை அட்டவணை தானாகவே பதிந்து வைத்திருக்கும் என்பதைக் காட்டிக் கொடுத்தோம். சோலைவரிப் பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் அக்கா இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம் கைப்பணத்தில் கட்டியிருந்தது கோப்புறையில் வரிசையாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோத் தம்பி அக்காவோடு ஒரு மணித்தியாலம் பேசினாராம். முன்பு பேசி எத்தனை காலம் என்று நான் கேட்கவில்லை.

சட்டத்தரணி சொன்ன வழி எளிமையானது. கூட்டுரித்தாளி ஒவ்வொருவரும் தத்தம் பிரிபடாத பங்கைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஆகவே நால்வரும் ஐந்தில் நான்கு பங்கைக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். ஐந்தாவது பங்குக்குரியவர் காணாமற் போனவர் என்பது உறுதியிலேயே வெளிப்படையாக எழுதப்படும். நிறுவனத்தின் கொழும்புச் சட்டப் பிரிவு தயங்கும் என்று நினைத்தோம். கோப்புறை முழுவதையும் பார்த்த அவர்கள் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்கள். வழமையாக இங்கிருந்து வரும் கடதாசிகளில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவதே தங்கள் வேலை என்றும், இம்முறை விடுபட்டது எது என்பதை நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றும் அவர்களுள் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்.

ஆனால் கடைசிப் படியை இணையத்தால் தாண்ட முடியாது. நம் நாட்டில் காணி விற்பனையும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு, காகிதத்தில் கையொப்பமாக வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது அது. 2006 இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபோதும் மரணசாதனம், அற்றோணித் தத்துவம், அசையாச் சொத்துக் கைமாற்றம் ஆகியவை அதற்கு வெளியே வைக்கப்பட்டன. இதைப் பழைமைவாதம் என்று இளைஞர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் சம்பூர் சூரிய மின்நிலையத்தின் தொடக்க நிகழ்வை இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தபடியே மெய்நிகராக நடத்தி முடித்தார்கள், ஆனால் ஒரு சின்னக் கடைக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு கையொப்பம் போட முடியவில்லையே என்று நண்பரின் மகன் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் யுத்த காலத்தில் ஊரில் இல்லாதவர்களின் பெயரில் என்னென்ன உறுதிகள் எழுதப்பட்டன என்பதைக் கேட்டறிந்தவன் என்ற வகையில், இந்த ஒரு தடையை எடுத்துவிட நான் அவசரப்படமாட்டேன்.

பத்தாண்டு எதிரிடையான அனுபவம் இருந்தால் காணி கைப்பற்றியவருக்கே போகலாம் என்ற 1871 ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் விசேட ஏற்பாடு 2016 இல் வந்தது. அது இரண்டாண்டுகளுக்கு மட்டுமே. வெளிநாட்டில் இருப்போர் பலருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவர்களுக்கு நண்பர் இப்போது சொல்வது ஒன்றுதான்: ஆண்டுக்கு ஒரு தடவையாவது உங்கள் காணியைப் படம் எடுத்து, திகதியோடு கோப்புறையில் போடச் சொல்லுங்கள். வேலி நகர்ந்தால் அந்த ஆண்டே தெரிந்துவிடும்.

அற்றோணித் தத்துவங்கள் மூன்றும் அந்தந்த நாட்டிலுள்ள எங்கள் தூதரகங்களில் கையொப்பமாகித் தபாலில் வந்து சேர்ந்தன. இலண்டனிலிருந்து வந்ததில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் அது இரண்டாம் தடவையும் வர வேண்டியதாயிற்று. 'வேறு எழுத்தில்' என்ற நிரலைப் பார்த்து எழுதச் சொன்னோம். அவர் பார்க்கவில்லை. மொத்தம் நான்கு மாதங்கள். பழைய முறையில் இது ஒன்றரை ஆண்டு என்பது நண்பரின் கணக்கு.

உறுதி எழுதிய நாளில் வாடகையை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வந்தது. மூத்த மகள் வங்கியில் தனியாக ஒரு கணக்குத் திறந்திருந்தார். ஐந்தில் ஒரு பங்கு மாதாமாதம் அதற்குள் போகிறது. வங்கிச் சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் கோப்புறையில் போடுவது அவருடைய பேரனின் பொறுப்பு. நான் இதை எழுதும்போது ஏழு சீட்டுகள் அதில் இருக்கின்றன.

நண்பரின் அட்டவணையில் இப்போது 63 கட்டடங்கள். பழைய கொப்பியையும் அவர் கைவிடவில்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்கிறார். இந்த வாரம் கிண்ணியாவில் ஒரு களஞ்சியசாலையைப் பார்க்கப் போகிறோம். 2009 இல் பாலம் திறக்கும்வரை இழுவைப் படகுக்காகக் காத்துநின்று போன ஊர் அது. மழை தொடங்கிவிட்டது. கூரையைப் படம் எடுக்க இதுதான் நேரம் என்கிறார்.